எத்தனை கிராம்?

பச்சைத் தேயிலைக்கு எடை போடுகிறவள் நான்,
கோத்தகிரிக்குக் கீழே ஒரு கூட்டுறவு ஆலையில்.
சாக்கின் வாயில் ரெண்டு இலை ஒரு மொட்டு
பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சிரிப்பதுபோல் சிரிக்கும்.
முழங்கை வரை உள்ளே விடுவேன்.
அடியில் முற்றின இலை, காம்பு,
ஒரு தடவை நனைந்த செங்கல்.

அதே கைதான்
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஃபோனில் ஏலப் பொருட்களைத் துழாவுகிறது.
சிக்னல் ஜன்னலோரம் மட்டும்.
கண்ணாடியில் மேகம் வழிய வழிய
நின்றபடியேதான் பார்க்க வேண்டும்.

பழைய எஸ்டேட்டுகளின் பித்தளை வில்லை சேர்க்கிறேன்.
ஆள் எண் பொறித்து
கயிறு கோர்க்க ஒரு துளை போட்டது.
பிஸ்கட் டின்னில் பத்தொன்பது இருக்கின்றன,
ரெண்டு போலி.
அந்த ரெண்டுக்கும் கொடுத்தது டியூஷன் ஃபீஸ்.

'அபூர்வம்' என்று மூன்று தடவை எழுதியிருந்தால்
எங்கோ மூட்டையாய்க் கிடக்கிறது.
'பாணி' என்ற சொல் தலைப்பில் வராது,
'மேலும் படிக்க'வைத் தொட்டால்
கடைசி வரியில் குளிருக்கு ஒடுங்கி நிற்கும்.
'எனக்கு இதைப்பற்றி ஒன்றும் தெரியாது,
படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்'
என்கிறவனுக்கு
எல்லாம் தெரியும்.

ஆடி மாசத்தில் ஒன்று வந்தது.
எண் 217. வருஷம் 1887 என்றான்;
வருஷமே பொறிக்காத வில்லைக்கு
வருஷம் எங்கிருந்து வந்தது?
முகமெங்கும் ஒரே பச்சைக் களிம்பு,
மருதாணி அரைத்துப் பூசிய மாதிரி.
இந்த மலையின் ஈரம் அப்படிப் பிடிக்காது.
எழுத்தின் இடுக்கில் தங்கும்,
மேடான இடத்தை விரல்கள் தேய்த்திருக்கும்.
துளையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
காம்பஸ் வைத்த வட்டம்.
வருஷக்கணக்கில் கயிற்றில் தொங்கிய துளை
மேல்பக்கம் இழுபட்டு
கொட்டாவி விடும் வாயாகியிருக்கும்.
பின்பக்கத்துக்குப் படமே இல்லை.
அளவு தெரிய ஒரு நாணயம்கூடப் பக்கத்தில் இல்லை.
மேஜைவிரிப்பு மட்டும் தெரிந்த முகம்:
நீலக் கட்டம், ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை.
போன மாசம் வேறு பெயர்க்காரனின் ரயில்வே விளக்கு
அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

கேட்டேன், எத்தனை கிராம்?
'மிக அரிய பொருள். திருப்பி எடுக்கப்படமாட்டாது.'

கடைசி நாலு நிமிஷம்
சும்மா வேடிக்கை பார்த்தேன்.
ரெண்டே பேர்.
முந்தாநாள் கணக்குத் திறந்த ஒருவன்
நூறு நூறாய் ஏற்றிவிட்டுச்
சரியான படியில் காணாமல் போனான்.
மற்றவர் மாட்டினார். நாலாயிரத்து முந்நூறு.
யாரோ, பாவம் என்று ஜன்னலைச் சாத்தினேன்.
யாரோ என்பது வசதியான சொல்.

எட்டாம் நாள் காலை
அடுத்த மேஜையில் பேரேடு எழுதுகிற புவனேந்திரன்
குமிழ்க் காகிதத்தைப் பிரித்தார்.
217.
தற்காலிக ஆளாய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த எண்ணாம்.
"நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தியே
எனக்கு சீட்டு போட்டு வச்சிருக்கான் பாருங்க அக்கா"
என்று சிரித்தார்.
"உங்களுக்குத்தான் இதுல கண்ணு உண்டே.
எப்படி?"

வெயில் அடிக்கிற நாளிலும்
ஈரத்துக்கென்று சாக்குக்கு ரெண்டு கிலோ
கழித்து எழுதுகிறவள் நான்.
அவர் அதைப் பேரேட்டில் ஏற்றுகிறவர்.
நாங்கள் இதுவரை
ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டதில்லை.

"எடை போடுங்களேன்," அவரே சொன்னார், விளையாட்டாய்.
இலைத் தராசின் இரும்புப் பலகை நடுவில் வைத்தேன்.
சிவப்பு எழுத்து அசையவில்லை.
00.0
ஐந்து கிலோவுக்குக் கீழே
அதற்குப் பேச்சு வராது.

அவர் திரையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
வெளியே முதல் ஜீப் ஹாரன் அடித்தது.
சாக்கை இறக்கச் சொன்னேன்.